கறை பல்லின் மேலா, உள்ளேயா?

கண்ணாடி முன் நின்று மேலுதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பற்களை டிஷ்யூவால் துடைத்து, எச்சில் படாமல் சில நிமிடம் விடுங்கள். பல் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். ஈரத்துணி காய்ந்ததும் நிறம் வெளிறுவது போலத்தான் இதுவும். பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலின் நுண்ணிய இடைவெளிகளில் தண்ணீர் இருந்த இடத்தில் காற்று புகுந்ததும் ஒளி கூடுதலாகச் சிதறுகிறது. எச்சிலில் ஊறியதும் மெல்லப் பழைய நிறம் வந்துவிடும். கிளினிக்கில் ஒரு மணி நேரம் வாயைத் திறந்து வைத்து ப்ளீச்சிங் (மருந்தால் பல்லை வெளுக்க வைப்பது) செய்து முடித்ததும் தெரிகிற பளீர் வெண்மையில், இப்படிக் காய்ந்ததால் வந்ததும் கலந்திருக்கிறது. அன்றைக்கே எடுத்த போட்டோவை வைத்துப் பலனை முடிவு செய்யாதீர்கள். ஓரிரு வாரம் கழித்து நிற்கிற நிறம்தான் உங்கள் நிறம்.

எனாமல் எடையில் 96 சதவீதம் தாது. ஒளியை ஓரளவு உள்ளே விடும். அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பாகவே மஞ்சள். எனவே ஆரோக்கியமான பல்லுக்கும் ஒரு மஞ்சள் சாயல் உண்டு. வயதாக ஆக எனாமல் தேய்கிறது, டென்டின் தடிக்கிறது, மஞ்சள் கூடுகிறது. அது நோய் அல்ல.

டீ, காபி, வெற்றிலை, பீடி, சில மவுத்வாஷ் ஆகியவற்றால் வரும் கறை பெரும்பாலும் மேலே படிவது. அதற்கு ஸ்கேலிங்கும் (படிந்ததைக் கருவியால் நீக்குவது) பாலிஷும் போதும். முதலில் அதைச் செய்துகொண்டு நிறத்தைப் பாருங்கள். பலருக்கு அதோடு மனம் நிறைந்துவிடும்.

உள்ளே ஊறிய நிறத்துக்குத்தான் ப்ளீச்சிங் ஜெல். அதில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் எனாமலை ஊடுருவிச் செல்கிறது. அங்கே அது சிதைந்து உருவாகும் துகள்கள், நிறம் தரும் பெரிய கரிம மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளை உடைக்கின்றன. தொடர்ச்சியான அந்தப் பிணைப்புகள்தான் ஒளியை உறிஞ்சி மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரிந்தவை. அவை அறுந்ததும் நிறம் மங்குகிறது. அதாவது கறையைச் சுரண்டி எடுப்பதில்லை. அது இருந்த இடத்திலேயே நிறமிழக்கிறது. செங்கல் பொடி, கரித்தூள், எலுமிச்சைச் சாறு ஆகியவை செய்வது இதற்கு நேர்மாறு: எனாமலையே தேய்த்தோ கரைத்தோ எடுத்துவிடுகின்றன. போன எனாமல் திரும்ப வளராது, அடியிலுள்ள மஞ்சள்தான் இன்னும் துலக்கமாகும். யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள்.

பிடுங்கிய பற்களில் சோதித்தபோது பெராக்சைடு 15 நிமிடத்துக்குள், பல்லின் நடுவே நரம்பு இருக்கும் பற்கூழ் அறை வரை போய்விட்டது. ப்ளீச்சிங்குக்குப் பிறகு பல் சுரீரென்று கூசுவது இதனால்தான். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் சொத்தையோ விரிசலோ இருந்தால் ஜெல்லுக்குக் குறுக்குவழி கிடைத்துவிடுகிறது, வலி கடுமையாகலாம். சொத்தையை அடைக்காமல் ப்ளீச்சிங் செய்துகொள்ளவே கூடாது.

கிளினிக்கில் பூசும் ஜெல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு பொதுவாக 25 முதல் 40 சதவீதச் செறிவு. ஈறில் பட்டால் வெள்ளையாக வெந்துவிடும். அதனால்தான் ஈறு விளிம்பில் முதலில் ஒரு பசையைத் தடவி, ஒளியால் இறுக வைக்கிறார்கள். இதைச் செய்யாமல் ஜெல்லை எடுக்கிற இடத்தில் உட்காராதீர்கள். முகத்தருகே நிறுத்தும் நீல விளக்கு கூடுதல் பலன் தருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதற்கென்று தனிக்கட்டணம் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். பல்லுக்கு அளவெடுத்துச் செய்த ட்ரேயில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து இரவில் அணிவது இன்னொரு வழி. அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதம்தான். ஓரிரு வாரம் ஆகும், கூச்சம் குறைவு. அவசரம் இல்லாதவர்களுக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து.

கேப், சொத்தை அடைப்பு, வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) எதுவும் வெளுக்காது. முன்பல்லில் கேப் இருந்தால், சுற்றியுள்ள பற்கள் வெளுத்ததும் அது மட்டும் தனியாகத் தெரியும். மாற்றுவதானாலும் உடனே முடியாது. பல்லில் தங்கிய ஆக்சிஜன், ஒட்டுவதற்குப் பயன்படும் ரெசின் பசையைச் சரியாக ஒட்டவிடாது என்பதால் 2 வாரமாவது பொறுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் போய் நிற்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கர்ப்பிணிகள் தள்ளிப்போடுவது நல்லது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் வெள்ளை, பழுப்புத் திட்டுகள் இருக்கும். கிணற்று நீரின் ஃபுளோரைடு, பல் உருவாகும் வயதிலேயே எனாமலைப் பாதித்ததன் அடையாளம் அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இவர்களுக்கு வெறும் ப்ளீச்சிங், வெள்ளைத் திட்டுகளை இன்னும் எடுப்பாகக் காட்டிவிடலாம்; வேறு சிகிச்சைகளையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். சிறு வயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டதால் சாம்பல் படிந்த பற்களுக்கு மாதக்கணக்கில் ட்ரே போட வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் ஜெல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சின்ன வயதில் விழுந்து அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம். அப்படியானால் முதலில் வேர் சிகிச்சை. பிறகு பல்லின் பின்பக்கத் துளை வழியே மருந்தை உள்ளே வைத்து, அந்த ஒரு பல்லை மட்டும் உள்ளிருந்து வெளுக்க வைப்பார்கள்.