இரண்டாகப் பிளந்த பென்டில்டன்: குளிரில் கப்பல் எஃகு ஏன் உடைந்தது?

1952 பிப்ரவரி 18, பொழுது விடியாத நேரம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கேப் காட் பக்கம், பென்டில்டன் என்ற எண்ணெய்க் கப்பல் புயலில் கிடந்து அல்லாடிக்கொண்டிருந்தது. லூசியானாவின் பேட்டன் ரூஜிலிருந்து மண்ணெண்ணெயும், குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு பாஸ்டனுக்கு வந்த கப்பல் அது. முந்தைய இரவே பாஸ்டனை நெருங்கிவிட்டது. பனி கொட்டியதில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. துறைமுகத்துக்குள் நுழையாமல் கடலிலேயே காத்திருந்தார்கள். மணி ஆறு ஆவதற்குச் சற்று முன்னால், வெடி வைத்தது போல ஒரு சத்தம். 503 அடி நீளக் கப்பல் நடுவில் பிளந்து, இரண்டு துண்டாக மிதந்தது.

அன்றைக்கே, அதே கடலில், ஃபோர்ட் மெர்சர் என்ற இன்னொரு எண்ணெய்க் கப்பலும் இதே போல இரண்டாக உடைந்தது. இரண்டுமே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவசர அவசரமாகக் கட்டப்பட்ட டி2 வகை டேங்கர்கள்.

புயல் உடைத்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் 1943 ஜனவரி 16 அன்று நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. அன்று ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில், ஸ்வான் ஐலண்ட் கப்பல் கட்டும் தளத்தில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது டி2 டேங்கர் வெள்ளோட்டம் முடிந்து வந்து கரையோரம் கட்டப்பட்டிருந்தது. அலையும் இல்லை, புயலும் இல்லை. இரவில் திடீரென்று பெரும் சத்தத்தோடு மேல்தளம் பிளந்து, விரிசல் இரு பக்கச் சுவர்கள் வழியாகக் கீழே இறங்கியது. அடித்தகடு மட்டும்தான் அறுபடவில்லை. அதைக் கதவுக் கீல் போல வைத்துக்கொண்டு கப்பல் மடங்கியதில் அதன் நடுப்பகுதி தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பென்டில்டன் 1944இல் கட்டப்பட்டதும் இதே தளத்தில்தான்.

ஆக, புயல் இல்லாமலும் இந்தக் கப்பல்கள் உடைந்தன. ஸ்கெனெக்டடி உடைந்த இரவில் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கப்பல் எப்படி வளைகிறது என்று பார்ப்போம். பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை நடுவில் விரலால் தாங்கி, இரு முனைகளையும் கீழே அழுத்துங்கள். ஸ்கேலின் மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். பெரிய அலை ஒன்றின் முகடு கப்பலின் நடுவில் வந்து நிற்கும்போது இதுவே நடக்கிறது: நடுப்பகுதியைத் தண்ணீர் தூக்குகிறது, முன்னும் பின்னும் தாங்கல் குறைந்து தொங்குகின்றன. அடுத்த சில நொடிகளில் முகடு நகர்ந்து, நடுவில் பள்ளம் வந்துவிடும். இப்போது முனைகள் தாங்கப்படுகின்றன, வயிறு தொங்குகிறது, இழுபடுவது அடித்தளம். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையான தூரமும் கப்பலின் நீளமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் இந்த வளைவு மிக மோசமாக இருக்கும். அலை இல்லாவிட்டாலும், சரக்கும், கப்பலை நிலைப்படுத்த ஏற்றும் எடைநீரும் எந்தத் தொட்டியில் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்து, நின்ற இடத்திலேயே கப்பல் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும்.

நல்ல எஃகுக்கு இது பெரிய விஷயமே இல்லை. இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். அளவு மீறி இழுத்தாலும் சட்டென்று உடையாது. முதலில் நெளிந்து கொடுக்கும். இந்த நெளிவு எங்கிருந்து வருகிறது? கூடத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை நகர்த்த வேண்டுமென்றால் மொத்தமாக இழுப்பது சிரமம். ஒரு ஓரத்தில் சின்னச் சுருக்கம் உண்டாக்கி, அந்தச் சுருக்கத்தை மறு ஓரம் வரை தள்ளிக்கொண்டே போனால் ஜமுக்காளம் நகர்ந்துவிடும். எஃகுக்குள் அணு வரிசைகளிலும் இப்படிச் சுருக்கம் போன்ற பிசகுகள் உண்டு. விசை படும்போது அவை நகர்கின்றன; நகர நகர உலோகம் நெளிகிறது, விசையை உள்வாங்கிக்கொள்கிறது. சாதாரண எஃகில் இந்தப் பிசகுகள் நகர வெப்ப அதிர்வின் உதவி வேண்டும். குளிர் ஏறினால் அவை தடுமாறி நின்றுவிடும். நெளிய முடியாத எஃகுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி பிளப்பது.

சமையலறையில் இதற்குப் பக்கத்து உறவான ஒன்றைப் பார்க்கலாம். அடுப்பிலிருந்து இறக்கிய வெல்லப்பாகு கம்பியாக இழுபடும். அதே பாகு ஆறிக் கடலை மிட்டாயானதும் டக்கென்று உடைகிறது. உள்ளே நடப்பது முழுக்க ஒன்றல்ல. ஆனால் பொருள் மாறாமலே, வெப்பநிலை மட்டும் குறைந்து, இழுபடுவது நொறுங்குவதாக மாறுகிறது என்பது இரண்டிலும் பொது.

இதைக் கப்பல் எஃகில் நிறுவிக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர். போர்க் காலத்தில் கப்பல்கள் உடைந்தபோது, பலரும் விரல் நீட்டியது வெல்டிங்கின் மேல்தான். அதுவரை பெரும்பாலான கப்பல்களில் தகடுகளைத் துளையிட்டு ரிவெட் என்ற தடித்த ஆணிகளை அடித்து இணைத்தார்கள். இவற்றிலோ விரைவுக்காகப் பற்றவைத்துவிட்டார்கள். லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல்கள் மட்டும் 2,700க்கு மேல் கட்டப்பட்டன என்றால் அந்த வேகத்தை யோசித்துக்கொள்ளுங்கள். டிப்பர் எஃகையே சோதித்தார். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அது கண்ணாடி மாதிரி நடந்துகொள்கிறது, அந்த வெப்பநிலை கப்பல்கள் ஓடும் குளிர்க் கடல்களின் வெப்பநிலைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்பது தெரிந்தது. அந்த எஃகில் கந்தகமும் பாஸ்பரசும் அதிகம், கார்பனோடு ஒப்பிட மாங்கனீஸ் குறைவு.

அப்படியானால் வெல்டிங்குக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஜவுளிக்கடையில் மீட்டர் துணி கிழிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு கொடுப்பார். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து சர்ரென்று ஒரே இழுப்பு. அந்த வெட்டு இல்லாமல் எவ்வளவு இழுத்தாலும் துணி அசையாது. வெட்டின் நுனியில் இழுவிசை முழுவதும் ஒரே நூலில் குவிகிறது. அது அறுந்ததும் அடுத்த நூல். தகட்டில் ஒரு கூரான மூலை இருந்தாலோ, வெல்டிங்கில் சரியாகப் பிடிக்காத ஒரு இடம் இருந்தாலோ அதுவும் இந்த வெட்டுதான். லிபர்ட்டி கப்பல்களில் சரக்கு இறக்கும் வாயில்களின் சதுர மூலைகளிலிருந்து விரிசல்கள் கிளம்பின. ஸ்கெனெக்டடியிலும் விசாரணை குறையுள்ள வெல்டிங்கைச் சுட்டியது.

ரிவெட் அடித்த கப்பலிலும் விரிசல் வரும். ஆனால் அது ஓடி ஒரு தகட்டின் விளிம்பை அடைந்ததும் நின்றுவிடும். அடுத்த தகடு தனித் தகடு. வெல்டிங் செய்த கப்பலோ முழுவதும் ஒரே தகடு. குளிர்ந்த எஃகில் விரிசல் நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடக்கூடியது. கப்பலைச் சுற்றி வர அதற்கு ஒரு நொடி வேண்டாம். அதனால்தான் கேட்டவர்களுக்கு அது வெடிச்சத்தமாகக் கேட்டது. பிற்பாடு இவ்வகைக் கப்பல்களின் உடலை நீளவாக்கில் வெட்டி, அந்தப் பிளவின் மேல் பட்டைத் தகடு வைத்து ரிவெட் அடித்தார்கள். விரிசல் வந்தால் அந்த இடத்தில் நிற்கட்டும் என்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது.

பென்டில்டனுக்குத் திரும்புவோம். டேங்கரின் வயிறு பல தொட்டிகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஆகவே உடைந்த துண்டுகள் உடனே மூழ்கவில்லை. கேப்டன் அறையும் வானொலியும் முன்துண்டில் இருந்தன. எஞ்சினும் மின்சாரமும் பின்துண்டில். முன்துண்டில் எட்டுப் பேர், கேப்டன் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டும் சேர்த்து, விளக்கில்லாமல், வானொலிக்கு மின்சாரமில்லாமல் இருட்டில் மிதந்தார்கள். பின்துண்டில் 33 பேருக்கு விளக்கு எரிந்தது, எஞ்சின் ஓடியது, உதவி கேட்க வழிதான் இல்லை. தலைமைப் பொறியாளர் ரேமண்ட் சைபர்ட் பொறுப்பை ஏற்று, நீர்புகாக் கதவுகளை மூடச் சொல்லி, பாதிக் கப்பலை எஞ்சினால் ஓட்டியே கரைக்குப் போகாமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தார். அபாயக் குரல் எழுப்பியது ஃபோர்ட் மெர்சர் மட்டுமே. அதைத் தேடிப்போன விமானத்தின் கண்ணில் பட்ட துண்டில் பென்டில்டன் என்று எழுதியிருந்தது.

சாயங்காலம் சாத்தம் நிலையத்திலிருந்து கடலோரக் காவல் படையின் 36 அடி மரப்படகு ஒன்று கிளம்பியது. படகோட்டி பெர்னார்ட் வெப்பர். கூட ஆண்ட்ரூ ஃபிட்ஸ்ஜெரால்ட், ரிச்சர்ட் லிவ்சி, எர்வின் மாஸ்கி. மணல்திட்டைக் கடக்கும்போதே அலை முன்கண்ணாடியை உடைத்து, திசைகாட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. படகு சாய்ந்தால் எஞ்சின் நின்றுபோகும். ஒவ்வொரு முறையும் ஆண்ட்ரூ உள்ளே ஊர்ந்துபோய் அதைக் கிளப்ப வேண்டும். அப்படியும் பின்துண்டைக் கண்டுபிடித்தார்கள். கயிற்று ஏணியில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அலையில் படகு ஏறும் கணத்தில் கையை விட வேண்டும். பன்னிரண்டு பேர் அளவுக்கான படகில் 32 பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். முன்துண்டில் இருந்த எட்டுப் பேரில் யாரும் பிழைக்கவில்லை. வெறும் திசை உணர்வை மட்டும் நம்பிக் கரை சேர்ந்த அந்த நால்வரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஃபோர்ட் மெர்சரில் 43 பேரில் 38 பேர் மீட்கப்பட்டார்கள். அதன் பின்துண்டை இழுத்துவந்து, புது முன்பகுதி ஒட்டி, சான் ஜசின்டோ என்று பெயரிட்டு மறுபடியும் கடலில் ஓட்டினார்கள்.

இன்று கப்பல் எஃகுக்கு ஏ, பி, டி, இ என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பி தரத்தை 0 டிகிரியிலும், டி தரத்தை மைனஸ் 20இலும், இ தரத்தை மைனஸ் 40இலும் சோதிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் ஷார்ப்பியின் பெயரால் வழங்கும் சோதனை அது. சுண்டுவிரல் நீளத்தில், 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு எஃகுத் துண்டு. அதன் நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு. கடைக்காரரின் கத்தரி வெட்டு மாதிரியேதான். அதைக் குளிர்ந்த திரவத்தில் ஊறவைத்து, இடுக்கியால் எடுத்து, ஐந்து நொடிக்குள் தாங்கியில் வைத்து, ஊஞ்சல் போலத் தொங்கும் சுத்தியலை விடுவார்கள். சுத்தியல் துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தால், துண்டு விழுங்கிய ஆற்றல் தெரிந்துவிடும். சாதாரணக் கப்பல் தகடு குறைந்தது 27 ஜூல் விழுங்க வேண்டும். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றல் அவ்வளவுதான். பிறகு உடைந்த இரண்டு பாதிகளையும் கையில் எடுத்து முகத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். நார் நாராக, மங்கலாக இருந்தால் எஃகு நெளிந்துவிட்டு உடைந்திருக்கிறது. கற்கண்டு மாதிரி பளபளவென்று மின்னினால், நெளியாமலே பிளந்திருக்கிறது.