‘பிரிஹென்ஷன்’ தமிழில் பற்றுதல்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மலையாளத்தில் ‘பிடிகிட்டி’ என்பார்கள். தமிழ் பேசும் நாங்கள் ‘புடிபட்டுருச்சு’ என்போம். இரண்டிலும் வேலை செய்வது கைதான்.

பொருள்களை விட்டு நிகழ்வுகளையே அடிப்படையாகக் கொள்ளும் ப்ராசஸ் தத்துவத்தில் ‘பிரிஹென்ஷன்’ முக்கியமான சொல். லத்தீனில் ‘பிரெஹெண்டெரே’ என்றால் பிடிப்பது. ‘அப்ரிஹென்ஷன்’ என்ற பழைய சொல்லில் அறிவு வாடை தூக்கல் என்று, ஆங்கிலேயத் தத்துவவாதி ஆல்ஃபிரட் நார்த் வொயிட்ஹெட் (1861–1947) அதன் தலையை வெட்டினார். 1925இல் வந்த நூலில், அறிதலாக மாற வேண்டிய அவசியமில்லாத பிடிப்புக்கு மிச்சத்தைப் பெயராக வைத்தார். அவர் கணக்கில் எலக்ட்ரானுக்கும் இந்தப் பிடிப்பு உண்டு. நாம் அறிவு என்பது அதில் அபூர்வமான ஒரு வகை, அவ்வளவுதான்.

எங்கள் தோப்பில் கள் இறக்குகிற அண்ணன் பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றி, நாள் தவறாமல் தட்டுவார். “இன்னைக்குச் சீவலாம்னு எப்படிங்ண்ணா தெரியும்?” என்று ஒருமுறை கேட்டேன். “எனக்கெங்க சாமி தெரியும், கைக்குத் தெரியும்” என்றார். ரோட்டில் பஸ் போன சத்தத்தை அவர் கவனிக்கவே இல்லை. தோராயமாகச் சொன்னால், அப்படித் தள்ளிவிடுவதையும் வொயிட்ஹெட் எதிர்மறைப் பிரிஹென்ஷன் என்று சேர்த்துக்கொள்கிறார். பிடிப்பவர் முதலிலேயே முழுதாக நின்றுகொண்டு அப்புறம் பிடிப்பதில்லை. பிடிப்புகள் சேர்ந்துதான் அவர் ஆகிறார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கிரகித்தல்’ என்றால் பிடிப்பு என்ற பொருள்தான். ஆனால் இன்று அது பாடத்தை மண்டையில் ஏற்றுவதோடு நின்றுவிட்டது, வொயிட்ஹெட் தப்பிக்கப் பார்த்த அதே இடம். என் ஓட்டு ‘பற்றுதல்’. கையும் பற்றும், தீயும் பற்றும். ‘அதைப் பற்றித் தெரியும்’ என்கிறோமே, அந்தப் ‘பற்றி’யும் இதே வினைதான், மலையாளத்து ‘அதினெப்பற்றி’யிலும் அதுவே இருக்கிறது. பற்று என்றால் ஆசையும் ஒட்டிக்கொண்டு வருமே என்று கேட்கலாம். வரட்டும். எதைப் பிடிக்கிறது என்பதோடு எந்த உணர்ச்சியோடு பிடிக்கிறது என்பதும் ஒவ்வொரு பிரிஹென்ஷனிலும் உண்டு என்று சொன்னவர் அவர்.

எதிர்மறைக்கு மட்டும் ‘பற்றாமை’ வேண்டாம், பற்றாக்குறை ஞாபகம் வருகிறது. ‘விலக்கல்’ போதும்.