பிராண்ட்: கொள்ளிக்கட்டையும் பொறியும்

‘பிராண்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் அந்தச் சொல்லின் கதை. ‘பிராண்ட்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் எரிகிற கட்டை, நம்ம ஊர்க் கொள்ளி. அப்புறம் மாட்டுக்குப் போடும் சூட்டுக்கும், மதுப் பீப்பாயில் சுட்டுப் பதித்த குறிக்கும் அதே பெயர் ஆனது. விற்கும் சரக்கின் பெயரைக் குறித்ததெல்லாம் பிற்பாடுதான்.

சொல் புதுசு, வேலை பழசு. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரில் உம்ப்ரிசியஸ் ஸ்காரஸ் என்றொரு வியாபாரி. ‘காரும்’ விற்றவர், மீனை உப்பில் ஊறப்போட்டு வடித்த சாறு அது. ஜாடியின் மேல் தன் பெயரை எழுதியதோடு மனுஷன் நிற்கவில்லை. வீட்டு முற்றத்துத் தரையின் நான்கு மூலையிலும் அந்த ஜாடிகளையே சின்னச் சின்னக் கற்களால் படமாகப் பதித்துவிட்டார். ஒரு ஜாடியில் ‘காரும் பூ, கானாங்கெளுத்தி, ஸ்காரஸ் பட்டறை’ என்கிற பொருளில் லத்தீன் எழுத்து. ‘பூ’ என்றால் முதல் தரம். விருந்துக்கு வந்தவர்கள் விளம்பரத்தை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போயிருப்பார்கள்.

போலியும் அப்போதே உண்டு. இத்தாலியில் ‘ஃபோர்ட்டிஸ்’ என்று அடியில் அச்சிட்ட மண்விளக்குகள் நன்றாக ஓடின. ரோமப் பேரரசின் மற்ற ஊர்க்காரர்களும் அதே பெயரைப் போட்டு விளக்கு செய்தார்கள்.

சரி, தமிழில்? சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில், ‘வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி’ என்று வருகிறது. புகார் நகருக்குப் புதிதாக வந்த வணிகர்கள் பெயரெழுதி அடுக்கிய மூட்டைகள். பட்டினப்பாலையிலும் அதே ஊர்ப் பண்டசாலையில் சரக்கின் மேல் ‘புலி பொறித்து’ வெளியே விடுகிறார்கள். ஆனால் அது வியாபாரியின் குறி அல்ல, சோழ அரசின் முத்திரை. இரண்டையும் சேர்த்துக் குழப்பக்கூடாது.

இரண்டு இடத்திலும் வினை ஒன்றுதான்: பொறித்தல். பொறி என்றால் அடையாளம், தீப்பொறியும் பொறிதான். நெருப்பும் குறியும் ஒரே சொல்லில், ‘பிராண்ட்’ போலவே! அதனால் ‘வணிகப்பொறி’ என்று வைக்க எனக்கு ஆசைதான். எலிப்பொறி ஞாபகம் வந்து தொலைக்கிறது.

ஆகவே பெயரைச் சொன்னால் ‘வணிகப்பெயர்’, படத்தையோ முத்திரையையோ சொன்னால் ‘வணிகக்குறி’ என்று எழுதலாம். மளிகைக் கடையில் மட்டும் ‘எந்த மார்க்?’ என்றே கேளுங்கள். கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுப்பார்.