ஒரு வாளி வெந்நீரின் மின் கணக்கு

வீடுகளுக்கு மின் சிக்கன ஆலோசனை சொல்லப் போகும்போது அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: “லைட்டையெல்லாம் உடனே அணைச்சிடுறோம் சார், அப்படியும் பில் குறையல.” அணைப்பது நல்ல பழக்கம்தான், விட்டுவிடாதீர்கள். ஆனால் 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கவே கால் யூனிட்டுக்கு மேல் ஆகிறது. அந்த மின்சாரத்தில் 9 வாட் எல்இடி பல்பு ஒரு நாள் முழுக்க எரிந்தும் மிச்சமிருக்கும்.

வெந்நீர் விஷயத்தில் நான் பெரிதும் மதிப்பது இஸ்ரேலை. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட அந்நாடு, 1980இல் புதிய குடியிருப்புகளுக்குச் சூரிய வெந்நீர்க் கலனைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. இன்று அங்கே பெரும்பாலான மொட்டை மாடிகளில் அந்தக் கலன்தான் நிற்கிறது. வெயிலுக்குக் குறைவில்லாத நம் ஊரிலோ பல வீடுகளில் கோடையிலும் கீசர் ஓடுகிறது!

ஜப்பானியர் சிக்கனம் வேறு வகை. உடம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குவார்கள். அதனால் வீட்டிலுள்ளோர் ஒருவர் பின் ஒருவராக அதே நீரில் அமிழ முடிகிறது. இடையில் சூடு போகாமல் தொட்டியை மூடி வைப்பார்கள். மிஞ்சிய நீரைத் துணி துவைக்க எடுத்துக்கொள்ளும் வாஷிங் மெஷின்களும் அங்கே உண்டு. குளிர்காலத்தில் ‘கொதாத்ஸு’ என்ற குட்டை மேசையைச் சுற்றி உட்காருவார்கள். மேசைக்கடியில் சிறு ஹீட்டர், மேலே கனமான போர்வை. கால்களை உள்ளே நீட்டிக்கொண்டால் போதும், அறை முழுவதையும் சூடேற்ற வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நேர்மாறு. ஆள் இல்லாத அறைகளுக்கும் சேர்த்தே வீடு முழுவதும் குளிரூட்டுவது அங்கே சாதாரணம். துணி உலர்த்தவும் மின் டிரையர்தான். கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாதென்று தடை போட்ட குடியிருப்புச் சங்கங்கள் பல. அந்தத் தடை செல்லாது என ஃபுளோரிடா உள்ளிட்ட சில மாநிலங்கள் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நம் புது அடுக்குமாடிகளிலும் “பால்கனியில் துணி தொங்கக் கூடாது” என்ற விதியைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. வெயில் இலவசமாகச் செய்யும் வேலையை வலியப் போய் மீட்டரில் ஏற்றுகிறோம்.

ஏசிக்கு வருவோம். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் சுமார் 1,500 வாட். சாதாரண மின்விசிறி 75 வாட். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 20இல் வைத்துக்கொண்டு போர்வை தேடுவதை விட்டுவிட்டு, 26இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓட விடுங்கள். அடுத்த பில் வந்ததும் சென்ற ஆண்டு இதே மாத பில்லோடு யூனிட் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.