அரிட்டாபட்டியும் பிரிவு 37-ம்: ஊர் மலையைச் சட்டம் எப்படிக் காக்கிறது?

ஒரு குன்றும் அதன் அடியில் ஒரு கண்மாயும் பார்க்க அழகாக இருக்கின்றன என்பதற்காக மட்டும் அவற்றைக் காக்க நம்மிடம் தனிச் சட்டம் கிடையாது. காடாக இருந்தால் வனத்துறை பார்க்கும், பழைய கல்வெட்டு இருந்தால் தொல்லியல் துறை பார்க்கும். ஆடு மேய்ந்து நெல் விளையும் ஊர்ப்புறம் இரண்டிலும் சேராது. அங்கே கைகொடுப்பது 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் பிரிவு 37. உள்ளாட்சியைக் கலந்து பேசி, ஒரு பகுதியைப் 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்று மாநில அரசு அரசிதழில் அறிவிக்கலாம்.

தமிழ்நாட்டில் முதலில் இப்படி அறிவிக்கப்பட்டது மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில், பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் சுமார் 477. மழை பெய்தால் பாறையில் வழியும் தண்ணீர் சுனையில் தங்கி, கண்மாயில் இறங்கி, வயலுக்குப் போகிறது. மேலே லகர் வல்லூறு வட்டமடிக்கும். கீழே குடைவரைக் கோயிலில் சிவனின் வடிவமான இலகுலீசர் உட்கார்ந்திருக்கிறார். சமணர் படுக்கையும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தும் அதே மலையில்தான்.

அறிவிப்பு வந்தால் நம் நிலம் போய்விடுமா? போகாது, பட்டாவும் மாறாது. மேய்ச்சல், மீன்பிடி, சாமி கும்பிடுவது போன்ற ஊர் வழக்கங்களுக்கு, ஊர்க்காரர்களே கூடி முடிவெடுத்தால் தவிர, கட்டுப்பாடு வராது என்கிறது தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டு நெறி. அறிவிப்பால் யாருக்காவது பொருளாதார இழப்பு வந்தால், ஈடுசெய்யத் திட்டம் வகுப்பது மாநில அரசின் பொறுப்பு. அதுவும் பிரிவு 37-லேயே இருக்கிறது.

சரி, இந்தக் காப்பு எவ்வளவு தாங்கும்? 2024 நவம்பரில் அது தெரிந்தது. அரிட்டாபட்டியையும் உள்ளடக்கி மத்திய அரசு ஏலம் விட்ட டங்ஸ்டன் (ஓர் உலோகம்) சுரங்கப் பகுதி 2,015.51 ஹெக்டேர். பாரம்பரியத் தலம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும், தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று பார்க்கச் சொன்னது டெல்லி. அதாவது, அறிவிப்புக் கோட்டுக்கு வெளியே இருந்த கண்மாய்களும் வயல்களும் தோண்டலுக்குத் தயார்! ஊர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டமன்றத்தில் தீர்மானம், மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணி என்று போய், 2025 ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானது. சட்டம் தனியாக இதைச் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் ஊருக்கும் கேட்கலாம். ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். முதலில் அது இருக்கிறதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்தக் குழு, ஊரில் உள்ள செடிகொடி, உயிரினங்கள், அவை பற்றி மக்களுக்குத் தெரிந்தவை எல்லாம் அடங்கிய மக்கள் பல்லுயிர் பதிவேட்டை எழுத வேண்டும். அப்புறம் கிராம சபைத் தீர்மானத்தோடு மாநில பல்லுயிர் வாரியத்தை அணுகலாம். இடம் சிறியது என்று தயங்க வேண்டாம். 2025-இல் அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில் காடு வெறும் 4.97 ஹெக்டேர்.

சர்வே எண்களை எழுதும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். மலையை எழுதிவிட்டு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயை விட்டுவிடுவது சுலபம். அதையும் சேர்த்து எழுதுங்கள்.