பில்டரைக் கழுவிக் காயப்போடாதீர்கள்

தீபாவளி முடிந்த அடுத்த வாரத்தை நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கும். ஹட்டனில் மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் தொழிலில் நான் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில்தான் ஐஸ்கிறீம் டப்பாக்களிலும் சொப்பிங் பேக்குகளிலும் செத்த மீன்களும் சாகக் கிடக்கும் மீன்களும் கடைக்கு வந்து சேர்கின்றன. பண்டிகைக்கு வீட்டை வெள்ளையடித்துக் கழுவும்போது மீன் தொட்டியையும் யாரோ ஒருவர் மிகுந்த அக்கறையோடு கழுவிவிடுகிறார். இந்த முறை அப்படி வந்தவர்களில் ஏழாவதாக, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறாம் தரத்தில் படிக்கும் ஒரு சிறுமி வந்தாள். அவளுடைய பையில் ஒரே ஒரு தங்கமீன் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. துடுப்புகள் உடலோடு ஒட்டியிருந்தன. செவுள் ஓரம் ரத்தச் சிவப்பாக இருந்தது. மற்ற மூன்றும் முதல் நாள் இரவே செத்துவிட்டன.

“நல்லா பளிச்சுன்னு கழுவித்தான வச்சோம், மாமா” என்றாள் அவள். தகப்பன் தம் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். துணி காயப்போடும் கொடியில் பில்டரின் ஸ்பொஞ்ச் இரண்டு கிளிப்புகளுக்கிடையே தொங்குகிறது. கீழே முறத்தில் செரமிக் வளையங்கள் வடகம் காயவைத்ததுபோல் பரப்பப்பட்டிருக்கின்றன. சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் வைத்தார்களாம்.

அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அதில் 5 மில்லிலீற்றரைச் சோதனைக் குழாயில் எடுத்து, அமோனியா சோதனைத் துளிகளை விட்டுக் குலுக்கி, குழாயைச் சிறுமியின் கையிலேயே கொடுத்தேன். அமோனியா இல்லாத தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும். இதுவோ ஐந்து நிமிடத்துக்குள் வெளிர்பச்சையாகி, பின்பு தேயிலைக் கொழுந்தின் நிறம் வந்து, கடைசியில் முற்றிய இலையின் கரும்பச்சைக்குப் போய்விட்டது. அவள் குழாயை நிற அட்டையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

நம்மவர்களிடம் வேரோடியிருக்கும் எண்ணம் ஒன்று உண்டு: தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர், பில்டர் வெள்ளையாக இருந்தால் நல்ல பில்டர். இந்த எண்ணம் கொன்ற அளவுக்கு எந்த நோயும் மீன்களைக் கொன்று நான் பார்த்ததில்லை. அமோனியாவுக்கு நிறமில்லை. நைத்திரைற்றுக்கும் நிறமில்லை. மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் நஞ்சு. மூன்றாவது, லீற்றருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருந்தால், வீட்டு மீன்களைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. ஸ்பொஞ்சிலும் வளையங்களிலும் வழவழப்பான பழுப்புப் படலமாக ஒட்டி வாழ்பவை. நீங்கள் அழுக்கென்று தேய்த்துக் கழுவுவது அந்தப் படலத்தைத்தான். பில்டர் என்று நான் சொல்வதே அந்தப் படலத்தைத்தான்; பிளாஸ்டிக் பெட்டியும் மோட்டாரும் அதற்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையாட்கள் மட்டுமே.

சாதாரணப் பற்றீரியாக்கள் சில இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவையோ எல்லாம் வாய்ப்பாக இருந்தாலும் இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். அதனால்தான் புதுத் தொட்டி பழகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவைப்படுகின்றன. நுவரெலியாவைப் போல ஆண்டின் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும் ஊர்களில், ஹீற்றர் இல்லாத தொட்டிக்கு இன்னும் அதிக காலம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவிக் கொட்டியதை மீட்க இரண்டு மாதம் ஆகலாம். மீன்களுக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். ஸ்பொஞ்சில் தண்ணீர் ஓடாத அளவுக்கு அடைத்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் நான்கைந்து முறை பிழிந்து திரும்ப வையுங்கள். பழுப்பு நிறம் இருக்கட்டும். செரமிக் வளையங்களை வேறொரு நாளில், அதேபோல் தொட்டித் தண்ணீரில் லேசாக அலசினால் போதும். ஸ்பொஞ்சைப் பிழிந்த அதே நாளில் வளையங்களைத் தொடாதீர்கள். சவர்க்காரம் கூடாது, வெந்நீர் கூடாது, வெயில் கூடவே கூடாது. குளோரீன் கலந்த குழாய்த் தண்ணீரிலும் பிழியாதீர்கள். வெள்ளைப் பஞ்சை மாத்திரம் தாராளமாகத் தூக்கிப் போட்டுப் புதிதாக வைக்கலாம். அதன் வேலை குப்பையைப் பிடிப்பது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் புதிதாக மாற்றும்படி சில பில்டர்களின் பெட்டியில் அச்சடித்திருப்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அப்படி மாற்றினால் மாதம் ஒருமுறை புதுத் தொட்டியில் மீன் வளர்ப்பதாகிவிடும்.

பில்டருக்குள் எதைப் போடுவது என்ற கேள்விக்கு நான் சொல்லும் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. தண்ணீர் முதலில் முரட்டு ஸ்பொஞ்சையும், பிறகு மென்மையான பஞ்சையும் கடந்து, கடைசியில் வளையங்களுக்கு வர வேண்டும். முறை தலைகீழானால் வளையங்களின் நுண்துளைகள் குப்பையால் அடைபட்டுப்போகும். துளைகள் நிறைந்த செரமிக் வளையம் நல்லது. வாங்க வசதி இல்லாவிட்டால், சவர்க்காரமோ கம்பியோ சேராத, பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் வலைகளைப் புதிதாக வாங்கிப் போடுங்கள். சாயம் பூசாத சுட்ட ஓட்டுத் துண்டுகளும் உதவும். பற்றீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடமும் ஒட்சிசன் நிறைந்த நீரோட்டமும்தான். விலை அதற்குத் தெரியாது. அக்டிவேட்டட் காபன் என்ற கரியை எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். அது சாயத்தையும் வாடையையும் மருந்தின் மிச்சத்தையும் பிடிக்கும், அமோனியாவைப் பிடிக்காது, சில வாரங்களில் அதன் சக்தி தீர்ந்துவிடும். மருந்து போடும்போது கரியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போட்ட மருந்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும். சியோலைற்று என்ற கல் அமோனியாவைப் பிடிக்கும், ஆனால் உப்புப் போட்டால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடும். ஆகவே சியோலைற்றையும் உப்பையும் ஒன்றாகப் பயன்படுத்தக் கூடாது.

இனி நமது தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் சமவெளிக்காரர்கள் சொல்லும் அறிவுரை மலையகத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது, கடினமானது. நமது பீலித் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் பெரும்பாலும் மிக மென்மையானவை; அமிலத்தைத் தாங்கும் காபனேற்று அவற்றில் குறைவு. பற்றீரியாக்கள் அமோனியாவை மாற்றும்போது அந்தக் காபனேற்றைச் செலவழிக்கின்றன: ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் என்று கணக்கு. தண்ணீரை மாற்றாமல் மாதக்கணக்கில் விட்டால் கையிருப்புத் தீர்ந்து, பீஎச் எனும் அமில-கார அளவு 6 க்குக் கீழே விழுந்து, பற்றீரியாக்களின் வேலை ஏறக்குறைய நின்றுபோகும். அப்போதும் மீன்கள் உயிரோடுதான் இருக்கும், ஏனெனில் அமிலத் தண்ணீரில் அமோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியம் வடிவில் இருக்கிறது. 25 பாகை வெப்பத்தில், பீஎச் 6 இல் நஞ்சான வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பீஎச் 8 இல் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாதவர் திடீரென்று ஒருநாள் ஞானம் வந்து முக்கால் தொட்டியைப் புதுத் தண்ணீரால் நிரப்பினாலோ, யாரோ சொன்னார்கள் என்று அப்பச்சோடாவை அள்ளிப் போட்டாலோ, பீஎச் சட்டென்று ஏறி, சேர்ந்திருந்த அமோனியத்தில் ஒரு பங்கு நஞ்சாகத் திரும்புகிறது. “தண்ணி மாத்தினதாலதான் மீன் செத்துச்சு” என்று அவர்கள் பிறகு ஊரெல்லாம் சொல்வார்கள். மாற்றாமல் விட்டதால் செத்தது என்பதை எத்தனை முறை சொன்னாலும் ஏற்பவர் குறைவு.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், அது போதும். காபனேற்றைக் கூட்டுவதற்குப் பவளத் துண்டு கேட்டு வருபவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. பவளப் பாறையை அகழ்வது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. மட்டிச் சிப்பி ஓடுகள் நன்றாக உதவும். தேயிலை மலைக்குப் போடும் டொலமைற்றும் கல்சியம், மகனீசியம் காபனேற்றுத்தான். ஆனால் தோட்டத்து ஸ்டோரில் கிடைக்கும் தூளைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள், தண்ணீர் பால்போல் கலங்கும். கல்லாகக் கிடைத்தால் கழுவி, வலைப் பையில் ஒரு கைப்பிடி கட்டி, பில்டரில் வையுங்கள். அவசரத்துக்கு அப்பச்சோடா என்றால், 100 லீற்றருக்கு 5 கிராம் சேர்த்தால் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் அந்தக் கையிருப்பு, லீற்றருக்கு 30 மில்லிகிராம் அளவில் கூடும். முதலில் அமோனியாவைச் சோதித்து, அது இல்லை என்று உறுதியான பிறகே, இரண்டு மூன்று நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. நகரக் குழாய்த் தண்ணீர் கலங்கும் நாட்களில் குளோரீன் வாடை தூக்கலாக இருக்கும். சோடியம் தயோசல்பேற்று கலந்த குளோரீன் நீக்கியை அளவோடு போட்டே தொட்டியில் ஊற்றுங்கள். மற்றது தோட்டங்களில் இருப்பவர்களுக்கு. 1946 இல் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோய்க்கு இன்றும் மழைக்காலத்தில் செப்பு மருந்து தெளிக்கிறார்கள். செப்பு மீனுக்கு நஞ்சு, இறாலுக்கும் நத்தைக்கும் கொடிய நஞ்சு, அதுவும் நம்முடையதுபோன்ற மென்மையான தண்ணீரில் அதன் வேகம் அதிகம். மருந்தடித்த மலைக்குக் கீழே இருக்கும் பீலியில், தெளித்த பிறகு பெய்யும் முதல் மழைகளின்போது மீனுக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள். முன்கூட்டியே இரண்டு வாளி பிடித்து மூடி வைப்பது பெரிய வேலையில்லை.

மின்வெட்டைப் பற்றி 2022 இலேயே எல்லோரும் கற்றிருக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. கனிஸ்டர் எனும் மூடிய பெட்டி பில்டருக்குள் சில மணித்தியாலத்தில் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியாக்கள் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அழுகிய அந்தத் தண்ணீரை மோட்டார் நேரே தொட்டிக்குள் தள்ளும். மரம் விழுந்து கம்பி அறுந்து, நீண்ட நேரம் கரண்ட் வராது என்று தெரிந்தால், பில்டரைத் திறந்து ஸ்பொஞ்சையும் வளையங்களையும் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே போட்டு வையுங்கள். கரண்ட் வந்ததும் பில்டருக்குள் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டே ஓடவிடுங்கள்.

ஏற்கெனவே கழுவிக் காயப்போட்டுவிட்டவர்கள் இன்றிரவே செய்ய வேண்டியவை இவை. தீனியை மூன்று நாள் முழுமையாக நிறுத்துங்கள்; மீன் பட்டினியால் சாகாது. ஒவ்வொரு நாளும், குளோரீன் நீக்கிய, தொட்டியின் வெப்பநிலையிலேயே உள்ள தண்ணீரால் கால்வாசியை மாற்றுங்கள். காற்றுக் குமிழிக் கல்லை இரவும் பகலும் ஓடவிடுங்கள். நைத்திரைற்று ஏறத் தொடங்கினால், தங்கமீன் தொட்டிக்கு லீற்றருக்கு ஒரு கிராம் சமையல் உப்பைக் கரைத்துச் சேருங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுள் வழியே ரத்தத்துக்குள் நுழைவதைத் தடுக்கும். துணைக்கு இன்னொரு மீனை மட்டும் இப்போது வாங்காதீர்கள்.

அந்தச் சிறுமியின் கையில் என் கடைத் தொட்டியில் இரண்டு ஆண்டாக ஓடும் ஸ்பொஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். பிடிக்கும்போது விரலில் பழுப்பு ஒட்டியது. துடைக்கப் போனவளைத் துடைக்க வேண்டாம் என்றேன். 12 நாள் கழித்து அவள் கொண்டுவந்த தண்ணீர், துளிகள் விட்ட பிறகும் மஞ்சளாகவே நின்றது. ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலைப் பக்கத்தில் யாருக்கு வேண்டுமானாலும் அப்படி ஒரு துண்டு ஸ்பொஞ்ச் காசு வாங்காமல் தருகிறேன். வரும்போது மூடியுள்ள ஒரு டப்பாவில் உங்கள் தொட்டித் தண்ணீரையே நிரப்பிக்கொண்டு வாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.