ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெக்கன்: குறைந்த செலவில் கேமிங் கணினிக்குப் பாகம் தெரிவது எப்படி

சாதாரண மொனிற்றர் செக்கனுக்கு 60 தடவை தன் படத்தைப் புதுப்பிக்கிறது. 1000ஐ 60ஆல் பிரித்தால் 16.7. அந்த 16.7 மில்லிசெக்கனுக்குள் விளையாட்டின் அடுத்த படம், அதாவது பிரேம், தயாராகிவிட வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு பட்டதா, கார் எந்தப் பக்கம் சறுக்குகிறது என்ற கணக்கெல்லாம் புரொசஸருடையது. எதை எங்கே வரைய வேண்டும் என்று அது கொடுக்கும் பட்டியலை வாங்கி, 1920க்கு 1080 திரையிலுள்ள 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகளுக்கும் நிறம் போடுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை.

இரண்டும் ஒன்று முடிய ஒன்றாக வேலை செய்வதில்லை. கார்ட் ஒரு பிரேமை வரையும்போதே புரொசஸர் அடுத்த பிரேமின் கணக்கைத் தொடங்கிவிடும். ஆகவே எது மெதுவோ அதன் நேரம்தான் பிரேமின் நேரம். புரொசஸருக்கு 9, கார்டுக்கு 22 மில்லிசெக்கன் பிடித்தால் கிடைப்பது செக்கனுக்கு 45 பிரேம். இன்னும் 40,000 இலங்கை ரூபாய் கொடுத்து 5 மில்லிசெக்கனில் கணக்கை முடிக்கும் புரொசஸரைப் போட்டாலும் அதே 45தான். 'ஐ7 புரொசஸர் போட்டது' என்று பெருமையாக வாங்கிய கணினி விளையாட்டில் திணறுவது இதனால்தான்.

எனவே தெரிவு மொனிற்றரில் தொடங்க வேண்டும். 2560க்கு 1440 திரையில் புள்ளிகள் 1.78 மடங்கு, 4கே திரையில் சரியாக 4 மடங்கு. புள்ளி கூடினால் சுமை ஏறுவது கார்டுக்கு மட்டும். எதிரி எங்கே நிற்கிறான் என்ற கணக்கு சிறிய திரைக்கும் பெரிய திரைக்கும் ஒன்றே. செக்கனுக்கு 144 தடவை புதுப்பிக்கும் 144 ஹேர்ட்ஸ் மொனிற்றர் வாங்கினால் பிரேமுக்கு 6.9 மில்லிசெக்கன்தான் இருக்கும். அந்தச் சுமை இரண்டு பேருக்கும் ஏறும். குறைந்த பட்ஜெட்டுக்கு 1080 திரை போதும். 1440 ஆசையை முதற் கணினியில் விட்டுவிடுவது நல்லது.

மொனிற்றர் தவிர்த்து இரண்டரை இலட்சம் ரூபாய் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 90,000 முதல் ஒரு இலட்சம் வரை கார்டுக்கு ஒதுக்குங்கள். புரொசஸருக்கு அதில் பாதி, பவர் சப்ளைக்கு 20,000க்குக் குறையாத தொகை. மிச்சத்தில் மதர்போட் (பாகங்களை இணைக்கும் பலகை), றாம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (சேமிப்பகம்), கேசிங் (வெளிப்பெட்டி). விலை வாரத்துக்கு வாரம் மாறும். இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

1080 திரைக்கு ஏஎம்டியின் ரேடியன் ஆர்எக்ஸ் 6600 கார்ட் இன்றும் நல்ல அளவுகோல். 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரேயொரு 8 பின் மின் இணைப்பு. அதைவிடக் குறைந்த விலைக் கார்ட் ஒன்றைக் காட்டினால் இரண்டு விடயங்களைப் பாருங்கள்: நினைவகம் எத்தனை ஜிபி, மதர்போட்டுடன் பேச எத்தனை பாதை. ஆர்எக்ஸ் 6600 தன் நினைவகத்திலிருந்து செக்கனுக்கு 224 ஜிபி வேகத்தில் படிக்கிறது. அந்த நினைவகம் நிரம்பிவிட்டால் மிச்சப் படங்களை மதர்போட் வழியாக றாமிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த வழிக்கு பிசிஐஇ என்று பெயர். அதன் 3.0 பதிப்பில் ஒரு பாதைக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 1 ஜிபி, 4.0இல் 2 ஜிபி. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நினைவகம் 4 ஜிபி, பாதையும் நான்கே. அதைப் பழைய 3.0 மதர்போட்டில் செருகினால் 4 ஜிபி வேகக் குழாயால் உறிஞ்ச வேண்டியதுதான். சராசரி பிரேம் எண்ணிக்கை பார்வைக்கு நன்றாக இருக்கும். ஒவ்வொரு தெரு முனையிலும் படம் அரை நொடி உறையும்.

பாவித்த கார்டுகள் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்தும் முகநூல் விளம்பரங்கள் வழியாகவும் யாழ்ப்பாணத்துக்கு வருகின்றன. கிரிப்டோ நாணய அகழ்வில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு கார்டை ஒதுக்கத் தேவையில்லை. விசிறியின் பெயாரிங்கும் நினைவகச் சில்லுகளின் மேலுள்ள வெப்பப் பட்டைகளும்தான் அங்கே தேய்வன. விற்பவர் முன்னாலேயே 30 நிமிடம் கனமான விளையாட்டொன்றை ஓட்டிப் பாருங்கள். திரையில் நிறப் பொட்டுகள் விழுந்தால் நினைவகம் போகிறது என்று அர்த்தம். ஆர்எக்ஸ் 580 என்று வருபவற்றை 'ஜிபியூ-இசெட்' மென்பொருளில் திறந்து பாருங்கள்: உண்மையான 580இல் 2304 கோர் (கணக்கிடும் அலகு), 2048 காட்டினால் அது குறைந்த வகை, விலையும் குறைய வேண்டும்.

புரொசஸரில் வெறும் கிகாஹேர்ட்ஸ் பார்த்து ஏமாறக் கூடாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600, 5500, 5600ஜி மூன்றுக்கும் 6 கோர்தான். ஆனால் 5600இல் எல்3 கேஷ், அதாவது புரொசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம், 32 எம்பி. மற்ற இரண்டிலும் 16. கேஷிலிருந்து ஒரு தரவை எடுக்கப் பத்து நனோசெக்கன் அளவு போதும். றாமுக்குப் போய்வர அதைப் போல ஆறேழு மடங்கு பிடிக்கும். விளையாட்டுக் கணக்கு நினைவகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தரவுகளைத் தேடி அலைவது. அங்கே பெரிய கேஷ் நேரடியாக மில்லிசெக்கனைக் குறைக்கிறது. 5500உம் 5600ஜியும் கார்டுக்கு பிசிஐஇ 3.0 மட்டுமே கொடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டெல் பக்கம் கோர் ஐ5 12400எஃப் 5600க்கு இணை. ஐ3 12100எஃப் மலிவு, ஆனால் 4 கோர். பெரிய திறந்தவெளி விளையாட்டுகளில் இப்போதே மூச்சு வாங்கும்.

பெயரின் கடைசியிலுள்ள 'எஃப்' உள்ளக கிராபிக்ஸ் (கார்ட் இன்றிப் படம் காட்டும் பகுதி) இல்லை என்பதன் அடையாளம். 5600இலும் அது கிடையாது. கார்ட் பழுதாகி உத்தரவாதத்துக்குக் கொழும்புக்குப் போனால், திரும்பி வரும்வரை கணினி கண் தெரியாமல் கிடக்கும். படிப்புக்கும் அதே கணினிதான் என்றால், எஃப் இல்லாத 12400க்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயமான செலவு.

ஏஎம்டியின் புதிய புரொசஸர் சொக்கற்றான ஏஎம்5 உள்ள மதர்போட்டும், அதற்கான புதிய தலைமுறை டிடிஆர்5 றாமும் எடுப்பதா? 2027உம் அதற்குப் பின்னும் அந்தச் சொக்கற்றுக்கு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. மூன்று நான்கு வருடத்தில் புரொசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் எடுக்கலாம். ஆனால் போட்டுக்கும் றாமுக்கும் கூடுதலாகப் போகும் பணம் கார்டின் பங்கைத் தின்றுவிடக் கூடாது.

றாமில் 8 ஜிபி இரண்டு. 16 ஜிபி ஒன்றை வாங்கி 'பிறகு இன்னொன்று போடலாம்' என்பது தவறான சிக்கனம். டிடிஆர்4 3200 றாம் ஒரு தடத்தில் செக்கனுக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு குச்சி போட்டால் இரண்டு தடம், 51.2 ஜிபி. நான்கு துளையுள்ள போட்டில் புரொசஸரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது துளைகளில் செருகுங்கள். பிறகு பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பியை, அதாவது றாமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, இயக்குங்கள். இயக்காவிட்டால் 3200 என்று எழுதிய றாம் 2133 அல்லது 2400இலேயே ஓடும்; வருடக்கணக்காக அப்படியே ஓடும் கணினிகள் ஏராளம்.

மதர்போட் பிரேமைக் கூட்டாது, கெடுக்காமல் இருந்தால் போதும். ஏஎம்டி புரொசஸருக்கான போட்டுகளில் ஏ520 மலிவு, ஆனால் கார்டுக்கு பிசிஐஇ 3.0தான், பி550 வாங்கினால் 4.0. புரொசஸருக்கு மின் பிரித்துக் கொடுக்கும் பகுதியின் மேல் அலுமினியத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பாவித்த, பழைய பி450 போட் வாங்கினால், பயோஸ் புதுப்பிக்கப்படாமல் 5600ஐ அடையாளம் காணாது. கடையிலேயே புதுப்பிக்கச் சொல்லுங்கள். சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி. விளையாட்டில் 3500 எம்பி வேகத்துக்கும் 7000க்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு, அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் புதிய விளையாட்டுகளை நிறுவாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் கட்டும் கணினிக்கு மிகவும் கவனம் வேண்டியது பவர் சப்ளை. முதலில் கூட்டல்: 5600 உச்சத்தில் 76 வாட், ஆர்எக்ஸ் 6600க்கு 132, போட், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு 50. மொத்தம் 260 வாட் அளவு. பிறகு ஏன் 550 வாட்? கார்ட் மில்லிசெக்கன் கணக்கில் தன் சராசரியைத் தாண்டித் துள்ளும், அதற்கு இடம் வேண்டும். பாதிச் சுமையில் ஓடும் சப்ளை குறைவாகச் சூடாகும் என்பதும் ஒரு காரணம். மின்தேக்கியின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 32 பாகை அறையில் இது சின்ன விடயமல்ல.

பெட்டியில் எழுதிய வாட்டை நம்பாமல் பக்கத்திலுள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். புரொசஸரும் கார்டும் அதிலிருந்துதான் குடிக்கின்றன. 42 அம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்க 504 வாட். அது உண்மையான 550. '500 வாட்' என்று முன்னால் எழுதி, 12 வோல்ட்டில் 25 அம்பியர் மட்டும் தந்தால், உங்கள் கையிலிருப்பது 300 வாட் சப்ளை. கேசிங்குடன் இலவசமாக வருபவை பெரும்பாலும் இந்த வகை. தூக்கிப் பார்த்தால் பாரம் இராது. பின்னால் 115/230 என்ற சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அந்தச் சுவிட்ச் 115இல் இருக்க 230 வோல்ட் பாய்ந்தால் வெடிச் சத்தம்தான் கேட்கும்.

பின்னேரம் கிணற்று மோட்டர் போடும்போது லைட் ஒரு கணம் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டர் தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல பல மடங்கு மின்னோட்டம் இழுக்கிறது, வீட்டு வயரில் வோல்ட் விழுகிறது. நல்ல சப்ளை தன் பெரிய மின்தேக்கியில் தேக்கி வைத்ததைக் கொண்டு முழுச் சுமையிலும் 16 மில்லிசெக்கன் அளவு தாக்குப்பிடிக்கும். யூபிஎஸ் கரண்டிலிருந்து பற்றரிக்கு மாறப் பொதுவாக 10 மில்லிசெக்கனுக்குள் பிடிக்கும். 16க்குள் 10 அடங்கிவிடும். மலிவுச் சப்ளையின் சின்ன மின்தேக்கி அதற்கு முன்பே வற்றிவிடும். 'யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனால் கணினி நிற்கிறது' என்ற முறைப்பாட்டில் பல நேரம் பிழை யூபிஎஸ்ஸில் இல்லை. யூபிஎஸ் வாங்கும்போது விஏ பார்க்காதீர்கள், வாட் பாருங்கள். 650 விஏ என்பது பெரும்பாலும் 360 முதல் 390 வாட். அது தரும் சில நிமிடங்கள் விளையாட்டைச் சேமித்து நிறுத்துவதற்கு.

அடுத்தது எர்த். வெறுங்காலுடன் நின்று கேசிங்கைத் தொட்டால் சுர்ரென்கிறதா? சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிக்க இரண்டு மின்வயர்களிலிருந்தும் கேசிங்குக்குச் சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை நடுவில் நின்று கேசிங்கை ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்க விடும். மின்னோட்டம் ஒரு மில்லிஅம்பியருக்கும் குறைவு, ஆளுக்கு ஆபத்து அரிது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரை டிவியில் செருகினால் போர்ட் எரியலாம். பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று முள் சொக்கற் இருந்தும் எர்த் வயர் எங்கும் போவதில்லை. மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு எர்த் கம்பியைச் சோதியுங்கள். மூன்றாவது முள்ளை ஒதுக்கிவிடும் அடாப்டரைப் பாவிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பிளக்கைக் கழற்றும்போது ரவுட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும்.

அறை 10 பாகை கூடினால் சில்லும் கிட்டத்தட்ட அதே 10 பாகை கூடும். குளிர்நாட்டுச் சோதனை வீடியோவில் 72 காட்டும் புரொசஸர் தகரக் கூரை அறையில் 82, 85 என்று நிற்கும். 5600இன் எல்லை 90. அதைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைக்கும், பிரேம் நேரம் நீளும். கண்ணாடி முகப்புக் கேசிங் அழகு, ஆனால் மூச்சு விடாது. வலை முகப்பு எடுங்கள்: முன்னால் இரண்டு 120 மில்லிமீற்றர் விசிறி உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால் இடுக்குகளால் தூசி இழுபடாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். குருநகர், பருத்தித்துறை போலக் கடற்கரையோரம் என்றால் உப்புக் காற்று இணைப்புகளில் பச்சை பிடிக்கும். மாதக் கணக்கில் மூடிவைக்காமல் அடிக்கடி ஓட்டினால் உள்ளே ஈரம் தங்காது. பின்பக்க வெற்றுத் துளைகளைத் தகட்டால் மூடுங்கள். பல்லியும் எறும்பும் அதால்தான் போகின்றன.

பொருத்துமுன் மதர்போட்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, புரொசஸர், கூலர், றாம், கார்ட் மட்டும் போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். புரொசஸருக்கு மேலேயுள்ள 8 பின் இணைப்பை மறந்தால் விசிறி சுற்றும், படம் வராது. மொனிற்றர் வயர் கார்டில் செருகப்பட வேண்டும், போட்டில் அல்ல.

எல்லாம் ஓடிய பின் விளையாட்டுக்குள் நின்று கார்டின் பாவனை வீதத்தைத் திரையில் எடுத்துப் பாருங்கள். 95க்கு மேல் நின்றால் காசு சரியான இடத்தில் போயிருக்கிறது. 60இல் நின்று படமும் தடுக்கினால் எக்ஸ்எம்பி, புரொசஸர் வெப்பம், றாம் துளை என்ற வரிசையில் தேடுங்கள். 144 ஹேர்ட்ஸ் மொனிற்றர் வாங்கியும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் விண்டோஸின் திரை அமைப்பைத் திறவுங்கள். பல நேரம் அது இன்னும் 60இலேயே இருக்கும்.